வீட்டுக்கு வழி கண்ட வீட்லி

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் போர்த் தலைவர்களையோ பேரறிஞர்களையோ நாடுவர். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் அத்தகையவர் அல்லர். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். மளிகைக் கடை வைத்தவர். செய்தித்தாளுக்கு விளம்பரம் சேகரித்தவர். பின்னர் அச்சுத் தொழில் நடத்தியவர். மாவட்டக் கவுன்சிலில் தொடங்கி, நகர சபையைக் கடந்து, பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நுழைந்து, அமைச்சர் பதவியும் ஏற்றவர். அப்பதவியில் அவர் இருந்தது ஓராண்டுகூட இல்லை. ஆயினும் அந்தச் சில மாதங்களில் அவர் நிறைவேற்றிய ஒரு சட்டத்தால் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவர் பெயர் ஜான் வீட்லி.

நான் பொருளாதாரம் பயிலும் மாணவன். நகர சபைகள் வீடு கட்டித் தருவது எப்போது, எவ்வாறு தொடங்கியது என்று தேடிப் படித்தபோதுதான் இப்பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. நம் சங்கத்து நண்பர்களில் பலர், விடுதியில் இடம் கிடைக்காமல், மொழி தெரியாத இப்பெருநகரில் வாடகை அறை தேடி அலைந்தவர்கள். மாத முதல் தேதியன்று கதவைத் தட்டும் வீட்டுக்காரரை நமக்குத் தெரியும். ஆகவே, வாடகையையே தம் அரசியலாகக் கொண்ட ஒருவரின் வரலாறு நமக்கு அயலாக இராது என்று நம்பி இதனை எழுதுகிறேன்.

வீட்லி 1869ஆம் ஆண்டு அயர்லாந்தின் வாட்டர்போர்டு மாவட்டத்தில் பிறந்தார். ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1876இல், குடும்பம் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்கு வந்தது. தந்தைக்கு லானார்க்ஷயர் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. சுரங்க முதலாளிகள் தொழிலாளருக்காக வரிசை வரிசையாகக் கட்டி வைத்திருந்த ஓரறை வீடுகளில் ஒன்றில் அப்பெரிய குடும்பம் குடியேறியது. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான், பிறப்பும் இறப்பும் அங்கேதான். தண்ணீர் வெளியிலிருந்து சுமந்துவர வேண்டும். மகன் ஜானும் பள்ளியை விட்டுச் சிறுவயதிலேயே தந்தையோடு சுரங்கத்தில் இறங்கினார். இருபது வயதைத் தாண்டிய பின்னரே அவர் அந்த இருளிலிருந்து வெளியே வந்தார்.

சுரங்கத்தை விட்ட பின் பல தொழில்களை முயன்று பார்த்தார். தம்முடைய உடன்பிறந்தாரோடு மளிகைக் கடை நடத்தினார். 1896இல் மேரி என்னும் அம்மையாரை மணந்தார். கிளாஸ்கோவில் கத்தோலிக்கர் நடத்திய செய்தித்தாள் ஒன்றுக்கு விளம்பரம் திரட்டும் வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்கு இரண்டு செல்வங்களைத் தந்தது. ஒன்று, அச்சுத் தொழிலின் நுணுக்கம். அதைக்கொண்டு அவர் சொந்தமாகப் பதிப்பகம் நிறுவி வசதி பெற்றார். மற்றொன்று, தெருத் தெருவாக நடந்து மக்களை அறியும் வாய்ப்பு. சுரங்க வரிசையில் தாம் வாழ்ந்த அதே ஓரறை வாழ்க்கை மாநகரத்திலும் மாடி மாடியாக அடுக்கப்பட்டிருப்பதை அவர் கண்டார்.

அக்காலத்துக் கிளாஸ்கோவின் நிலையைச் சிறிது சொன்னாலன்றி அவருடைய வாழ்வின் பொருள் விளங்காது. கப்பல் கட்டும் தொழிலால் உலகப் புகழ் பெற்ற நகரம் அது. 1911இல் எடுத்த கணக்குப்படி அந்நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஓரறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்ந்தனர். மூன்று நான்கு மாடிக் கற்கட்டடங்கள். ஒவ்வொரு மாடியிலும் பல குடும்பங்கள். பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பிடம். வீட்டுச் சொந்தக்காரரைக் குடியிருப்போர் கண்டதே இல்லை. வாடகை வசூலிப்பதற்கும் கொடாதவரை வெளியேற்றுவதற்கும் முகவர்கள் இருந்தனர். உலகின் பெருங்கப்பல்களைக் கட்டிய கைகளுக்குத் தம் குழந்தைகளைத் தனியே கிடத்த ஓர் அறை இல்லை.

இந்நிலை கண்டு வீட்லி சமதர்மக் கொள்கைக்கு வந்தார். ஆனால் அவர் வந்த வழி எளியதன்று. அவர் ஆழ்ந்த பற்றுடைய கத்தோலிக்கர். கத்தோலிக்கராகிய அயர்லாந்து மக்கள் அந்நகரில் சிறுபான்மையினர், ஏழைகள். அவர்களுக்குக் கோயிலே அரண். குருமார் சொல்லே வேதம். சமதர்மம் கடவுளுக்குப் பகை என்று குருமார் போதித்து வந்தனர். அந்த வேளையில்தான், 1906இல், வீட்லி கத்தோலிக்கச் சமதர்மச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழைக்கு இரங்கும் சமயமும் ஏழ்மையை ஒழிக்கும் அரசியலும் ஒன்றுக்கொன்று பகையாகா என்பது அவர் வாதம். பத்திரிகைகளில் குருமாரோடு பல ஆண்டுகள் எழுத்துப் போர் நடத்தினார்.

எதிர்ப்பு எழுத்தோடு நிற்கவில்லை. 1912இல் ஒருநாள் அவருடைய சமயத்தாரே பெருங்கூட்டமாகத் திரண்டு அவர் வீட்டு முன் வந்து, அவரைப் போல் உருவம் செய்து கொளுத்தினர். வீட்லி கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே ஒளியவில்லை. மனைவியோடு வாயிலில் வந்து நின்று, தம் உருவம் எரிவதைப் புகைபிடித்தபடி அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் கோயிலுக்குப் போய் வழிபாட்டில் அமர்ந்தார். இந்நிகழ்ச்சியைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்து எண்ணினேன். கொள்கைக்காகச் சமயத்தை விட்டு ஓடுவோர் உண்டு. சமயத்துக்காகக் கொள்கையை விடுவோரும் உண்டு. இரண்டையும் விடாமல், இரண்டு பக்கத்து வசையையும் ஏற்று நிற்பவர் அரியர்.

இதற்குள் அவர் பொதுப் பணியில் இறங்கியிருந்தார். 1910இல் தாம் வாழ்ந்த ஷெட்டில்ஸ்டன் பகுதியிலிருந்து லானார்க்ஷயர் மாவட்டக் கவுன்சிலுக்கு உறுப்பினரானார். 1912இல் ஷெட்டில்ஸ்டன் கிளாஸ்கோ மாநகரத்தோடு இணைக்கப்பட்டதும் மாநகர சபையின் உறுப்பினர் ஆனார். நகர சபை என்றால் சாக்கடையும் தெரு விளக்கும்தானே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வீட்லி அவ்வாறு எண்ணவில்லை. ஏழையின் வாழ்வை நேரே தொடும் அதிகாரம் நகர சபையிடம் இருக்கிறது என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன் பயனாக 1913இல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. எட்டுப் பவுன் வீடுகள் என்பது அதன் பொருள். அந்தத் திட்டத்தை நண்பர்கள் நன்கு கவனிக்க வேண்டும். கிளாஸ்கோவில் டிராம் வண்டிகளை மாநகர சபையே நடத்தி வந்தது. அதில் ஆண்டுதோறும் நல்ல உபரி வருவாய் கிடைத்தது. மற்றொரு பக்கம், ஒரு வீட்டின் வாடகையைப் பிரித்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி கல்லுக்கும் மரத்துக்கும் உரியதன்று. கடனுக்குக் கொடுக்கும் வட்டிக்கு உரியது. டிராம் உபரியை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து வீடு கட்டினால் வட்டிச் சுமை நீங்கும். அப்போது, தோட்டத்தோடு கூடிய நல்ல வீட்டை ஆண்டுக்கு 8 பவுன் வாடகைக்கு ஒரு தொழிலாளிக்குத் தர இயலும். இதுவே அவர் காட்டிய கணக்கு.

சபை இதை ஏற்கவில்லை. சபையில் பெரும்பான்மையினர் வேறு கட்சியினர். ஆனால் நூல் தெருவெங்கும் பரவியது. வாடகை என்பது விதியன்று, அது ஒரு கணக்கு. கணக்கை மாற்றினால் வாடகையும் மாறும் என்ற எண்ணம் முதன்முதலாகப் பலர் உள்ளத்தில் புகுந்தது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. வீட்லி அப்போரை எதிர்த்தார். போர்க் கருவிகள் செய்யவும் கப்பல் கட்டவும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் கிளாஸ்கோவுக்கு வந்து குவிந்தனர். வீடோ இல்லை. வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினர். கணவன்மார் போர்முனையில் இருக்க, மனைவிமார் வாடகை கட்ட இயலாமல் தவித்தனர். 1915இல் ஷெட்டில்ஸ்டனிலேயே, போரில் காயமுற்ற ஒரு சிப்பாயின் மனைவியை வாடகைப் பாக்கிக்காக வெளியேற்ற ஆணை பிறந்தது. வீட்லி அக்கம்பக்கத்தாரைத் திரட்டி அந்த வீட்டு வாயிலை மறித்தார். வெளியேற்றம் நடக்கவில்லை.

அவ்வாண்டு நகரெங்கும் வாடகை மறுப்புக் கிளர்ச்சி மூண்டது. அதன் உயிர்நாடியாக இருந்தவர்கள் பெண்கள். மேரி பார்பர், மேரி லெயர்டு, ஹெலன் கிராபர்டு, ஆக்னஸ் டாலன் முதலியோர் தலைமை தாங்கினர். வெளியேற்ற அதிகாரி வருவதைக் கண்டதும் ஒருத்தி மணியடிப்பாள். உடனே மாடி மாடியாகப் பெண்கள் இறங்கி வந்து படிக்கட்டை அடைத்துக்கொள்வர். ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் கூடுதல் வாடகை கொடுக்க மறுத்தன என்று கூறுவர். 1915 நவம்பர் 17ஆம் நாள் 18 பேர் மீது வாடகை வழக்கு விசாரணைக்கு வந்தது. ஆலைகளையும் கப்பல் தளங்களையும் விட்டுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நீதிமன்றத்தைச் சூழ்ந்தனர். வழக்குக் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே, போருக்கு முன் இருந்த அளவுக்கு மேல் வாடகை உயர்த்தக்கூடாது என்று பாராளுமன்றம் சட்டம் செய்தது. இவ்வெற்றி முழுவதையும் வீட்லிக்கே உரியதாக்குவது பிழை. பெண்கள் தெருவில் நின்றார்கள். அவர் அவர்களுக்குச் சபையில் குரலாகவும், அச்சகத்தில் எழுத்தாகவும், கூட்டத்தில் வாதமாகவும் நின்றார்.

போர் முடிந்து 1918இல் பொதுத் தேர்தல் வந்தது. வீட்லி ஷெட்டில்ஸ்டன் தொகுதியில் நின்று, நூற்றுக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். போரை எதிர்த்தவர் அவ்வளவு நெருங்கி வந்ததே வியப்பு. அவர் சோர்ந்துவிடவில்லை, நகர சபைப் பணியிலேயே ஊன்றி நின்றார். 1922இல் மீண்டும் நின்று வென்றார். அந்தத் தேர்தலில் கிளாஸ்கோவின் 15 இடங்களில் 10 இடங்களைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. புதிய உறுப்பினர் லண்டனுக்கு இரயில் ஏறிய இரவில் நிலையம் மக்கள் வெள்ளத்தால் நிரம்பி வழிந்தது. வேலையின்மையும் வீடின்மையும் அவர்கள் லண்டன் சேர்ந்த உடனே தீர்ந்துவிடும் என்று மக்கள் நம்பினர். பாராளுமன்றம் அவ்வளவு விரைவாக அசையக் கூடியதன்று என்பதை அவர்கள் விரைவில் அறிந்தனர்.

1923 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் சுகாதாரச் செலவைப் பற்றி விவாதம் நடந்தது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உரிய உதவித் தொகையை அரசாங்கம் குறைத்திருந்தது. வீட்லியின் நண்பர் ஜேம்ஸ் மாக்ஸ்டன், தம் மனைவியை இளவயதில் இழந்தவர்.  அவர் உள்ளம் பொங்கி, குழந்தைகளுக்குரிய பணத்தைக் குறைத்தவர்கள் கொலைகாரர்கள் என்று குற்றம் சாட்டினார். சொல்லைத் திரும்பப் பெறும்படி சபை கேட்டது, அவர் மறுத்தார். வீட்லி எழுந்து அதே குற்றச்சாட்டைத் தாமும் கூறினார். காம்பெல் ஸ்டீபன், ஜார்ஜ் புகேனன் ஆகிய இருவரும் சேர்ந்துகொண்டனர். நால்வரும் சபையிலிருந்து நீக்கி வைக்கப்பட்டனர். அவர்கள் கட்சித் தலைவர் ராம்சே மாக்டொனால்டுக்கே இது பிடிக்கவில்லை.

இத்தகைய கலகக்காரர் ஏழு மாதத்தில் அமைச்சர் ஆவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1924 ஜனவரியில் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சி அரசாங்கம் அமைந்தது. மாக்டொனால்டு பிரதமர், வீட்லி சுகாதார அமைச்சர். அந்நாளில் வீட்டு வசதியும் அத்துறையின் பொறுப்பே. ஆனால் அந்த அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இல்லை. லிபரல் கட்சியின் தயவில் நாளை எண்ணிக்கொண்டிருந்தது.

இங்கேதான் வீட்லியின் உண்மையான சோதனை வந்தது என்பது என் கருத்து. முழங்கிப் பேசி, தோற்று, தூய்மையோடு வெளியேறுவது அவருக்கு எளிது. நிலமும் கல்லும் தொழிலும் பொதுவுடைமை ஆகவேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தால் போதும், அது வீழ்ந்திருக்கும், அவர் வீரர் ஆகியிருப்பார். ஓரறை வீட்டில் இருந்தவர்களோ அங்கேயே இருந்திருப்பார்கள். அவர் வேறு வழியைத் தேர்ந்தார். நகர சபையில் செய்ததுபோலவே மீண்டும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்.

வீடுகள் ஏன் எழவில்லை? முதற் காரணம் பணம். அதற்கு முந்திய ஆண்டின் சட்டம் வீடொன்றுக்கு ஆண்டுதோறும் 6 பவுன் வீதம் 20 ஆண்டுகள் உதவி தந்தது. அது பெரும்பாலும் தனியார் கட்டி விற்கும் வீடுகளுக்கே பயன்பட்டது. இரண்டாவது காரணம் ஆள். கொத்தனாரும் தச்சரும் குறைந்துவிட்டனர். புதியவரைச் சேர்க்கத் தொழிற்சங்கங்கள் அஞ்சின. இன்று சேர்த்தால் நாளை வேலையின்றி எல்லோரும் பட்டினி கிடக்க நேருமே என்பது அவர்கள் அச்சம். வீட்லி முதலாளிகளையும் தொழிற்சங்கத்தாரையும் ஒரே மேசைக்கு அழைத்தார். 15 ஆண்டுகளுக்கு இடைவிடாத கட்டட வேலைக்கு அரசாங்கம் உறுதி தரும். அதற்கு ஈடாகச் சங்கங்கள் புதிய பயிற்சியாளரைச் சேர்க்க வேண்டும் என்பது உடன்பாடு.

1924 ஆகஸ்டில் வீட்டு வசதிச் சட்டம் நிறைவேறியது. நகர சபைகள் வாடகைக்கு விடக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு 9 பவுன், நாட்டுப்புறமாயின் 12 பவுன் 10 ஷில்லிங், 40 ஆண்டுகளுக்கு அரசாங்கம் தரும். அதற்கு மேல் தம் வரிப்பணத்திலிருந்தும் நகர சபைகள் உதவ வேண்டும். தனியார் தொழிலை அது இருந்த இடத்திலேயே விட்டிருப்பதாக அவரே சபையில் ஒப்புக்கொண்டார். புரட்சிக்காரர் என்று அஞ்சியவர்கள், தடித்த மூக்குக் கண்ணாடியும் பருத்த உடலும் உடைய அந்த மனிதர் புள்ளி விவரங்களை அமைதியாக அடுக்கி வாதாடிய திறம் கண்டு வியந்தனர்.

அவருடைய குறைகளையும் சொல்லாமல் விடுவது முறையன்று. அரசாங்க உதவி பெறும் தாய்சேய் நல நிலையங்களில், கேட்கும் தாய்மாருக்குக் கருத்தடை பற்றிய அறிவுரை வழங்க அனுமதிக்க வேண்டும் என்று அவ்வாண்டே பெண்கள் தூது வந்தனர். வீட்லி மறுத்துவிட்டார். ஓரறை வீட்டில் பத்துப் பிள்ளைகளோடு வாடிய தாயின் துயரை நேரில் கண்டவர் இதை மறுத்தது எனக்கு வருத்தமே தருகிறது. சட்டத்திலும் ஒரு குறை இருந்தது. உதவி பெற்றும்கூடப் புதிய வீட்டின் வாடகை, கூலி நிலைத்த தொழிலாளிக்கே எட்டியது. மிக வறியவர் சேரியிலேயே தங்கினர். கட்டடப் பொருள்களின் விலையைக் கட்டுப்படுத்த அவர் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை. அக்டோபரில் அரசாங்கமே வீழ்ந்தது.

அதன்பின் அவர் வாழ்வு சாயங்காலத்தை நோக்கியது. 1926இன் பொது வேலை நிறுத்தத்தைத் துணிந்து ஆதரித்தார். கட்சித் தலைமை மிதவாதத்தில் ஒதுங்குவதாகக் கண்டு மாக்ஸ்டனோடு சேர்ந்து எதிர்த்தார். 1929இல் தொழிற்கட்சி மீண்டும் அரசாங்கம் அமைத்தபோது, முந்திய அரசாங்கத்தின் சிறந்த சாதனைக்கு உரியவரான அவருக்கு இடம் இல்லை. தலைமையைக் குறை கூறியவரைச் சேர்க்க மாக்டொனால்டு விரும்பவில்லை. 1930 மே 12ஆம் நாள், மூளையில் இரத்தக் கசிவால், அறுபதாம் வயதில் வீட்லி மறைந்தார். அவர் உயிர் பிரிந்தது தாம் முதன்முதல் கவுன்சிலுக்குச் சென்ற ஷெட்டில்ஸ்டனிலேயே.

இங்கிலாந்தில் அச்சட்டத்தின் உதவி 1933இல் புதிய வீடுகளுக்கு நிறுத்தப்பட்டது. அதற்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன. சேரிகளை அகற்றும் வேலையைப் பின்வந்த சட்டங்கள் மேற்கொண்டன. கிளாஸ்கோவில் பெரிய வீட்டு வசதி நிறுவனம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அரசியல் என்றால் மேடையும் மாலையும் என்று நினைப்போருக்கு இவ்வரலாறு சுவை தராது போகலாம். ஆனால் நாளை நம்மில் சிலர் நகராட்சி அலுவலகத்திலோ சட்ட மன்றத்திலோ அமரக்கூடும். அவர்கள் ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைக்கட்டும். 1925இல் கட்டி முடித்த ஒரு வீட்டுக்கு, அச்சட்டம் வகுத்த தவணைப்படி, ஆண்டுதோறும் 9 பவுன் 1965 வரை உரியதாயிற்று. சட்டம் செய்தவர் மண்ணுக்குள் போய் 35 ஆண்டுகள் ஆன பின்னும், அந்த வீட்டில் பிறந்த குழந்தைகள் தங்களுக்கென்று ஓர் அறையில் உறங்கின.